ஒன்பதாம் தோட்டம்

நடுவர் என்று குத்திக்கொள்ள
ஆளுக்கொரு சாட்டின் ரோஜா தந்தார்கள்.
நூறு வகைப் பூ நின்ற மைதானத்தில்
துணிப்பூ வைத்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

அவிநாசி ரோட்டில் மாசி வெயில் ஏறுமுன்
முடித்துவிட வேண்டும் என்றார் பேராசிரியர் இருதயராஜ்.
அவருக்கு வடிவம்.
ஓவிய ஆசிரியை மெஹருன்னிசாவுக்கு நிறம்.
இருபத்தாறு வருஷம் மண் பரிசோதனைக் கூடத்தில்
அடுத்தவர் காட்டைப் பொட்டலம் பொட்டலமாய்
முகர்ந்துகொண்டிருந்த எனக்கு
‘மற்றவை’, பதினைந்து மார்க்.

முதல் தோட்டம் பம்ப்செட் கம்பெனியுடையது.
ஏழடி அருவி.
பாறைக்குப் பின்னால் ஒரு மோட்டார் இருமுகிறது.
பாறை தெர்மாகோல்.
மூன்றாவதில் கார்னேஷன் யானை,
ஊட்டியிலிருந்து ஐஸ் பெட்டியில் இறங்கியது,
தும்பிக்கைக்கு மட்டும் தனியாக ஒருவர்
தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.
ஐந்தாவதில் நீலக் கூழாங்கல்லில் ஒரு நொய்யல்.
செய்து வைத்தவர் சாயப்பட்டறை முதலாளி.
நாங்கள் மூவரும்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

விரலை விட்டுப் பார்ப்பது என் பழக்கம்.
எங்கே விட்டாலும் பொள்ளாச்சித் தேங்காய் நார்த்தூள்,
அதற்கடியில் தொட்டி விளிம்பு.
சாமந்தி, சால்வியா, பெட்டூனியா எல்லாம்
சாமான் பிரிக்காத வாடகைக் குடித்தனம்.

ஒன்பதாவதில் பேராசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“பூ எங்கே?”

கிளுவை வேலி. மூங்கில் படல்.
இடுப்புயரத்தில் ஒரு வெள்வேல்.
செம்மண், காய்ந்த கொழுக்கட்டைப் புல்,
காலியாக ஒரு கல்தொட்டி.
காங்கயத்துக் கொறங்காடு ஒன்றில்
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டடி
வெட்டியெடுத்து வைத்தது போல.
செய்தவன் நாட்ராயன், சொட்டுநீர்க் குழாய் விற்கிறவன்.
உள்ளே ஒரு முழம் குழாய் இல்லை.

“மன்னிக்கோணுங்க, இது பிளான்லயே இல்லீங்க.”
தெற்கு மூலையைக் காட்டினான்.
முதுகோடு முதுகாக நின்ற அருவியிலிருந்து
அஞ்சு நாளாகச் சாரல்.
ஒரு பாய் அகலத்துக்குப் புல் தழைந்திருந்தது.
“காஞ்சே இருக்கோணும்னுதான் வெச்சனுங்க.”

மெஹருன்னிசா முட்டி போட்டுப் பார்த்தார்.
அந்தப் பச்சைக்குத் தன் பெட்டியில் டப்பா இல்லை என்றார்.
நான் விரலை விட்டேன்.
முழுசும் போனது.
கட்டெறும்பு ஒன்று என் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டு போனது,
நடுவாசலில் படுத்திருக்கும் ஒறம்பரையைத் தாண்டுவது போல.

அறுபது சதம் பூத்திருக்க வேண்டும், அது விதி.
கொழுக்கட்டைப் புல்லின் கதிரும் பூதானே என்றேன்.
“அது தாவரவியல்ங்க மேடம். இது கண்காட்சி.”
நான் வாதாடவில்லை.
டிபன் டோக்கன் பத்தரை வரைக்கும்தான்.

பதினைந்துக்குப் பதினொன்று போட்டேன்.
நாலை எதற்குக் குறைத்தேன் என்று ராத்திரி யோசித்தால்,
குறிப்புப் பத்தியில் என் கையெழுத்தேதான்:
‘ஈரம் சற்று அதிகம்.’

யானைக்கு முதல் பரிசு, அருவிக்கு இரண்டாவது.
ஒன்பதுக்கு ஒரு சான்றிதழ், ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி.

மறந்துவிட்ட குடைக்காக
ஞாயிறு பொழுதோடத் திரும்பப் போனேன்.
யானையைக் குப்பை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்,
காதை முதலில்.
மோட்டார் நின்ற பிறகுதான் தெரிந்தது
மூன்று நாளாக எவ்வளவு கத்திப் பேசியிருக்கிறோம் என்று.
நாட்ராயன் சீமாறால் மண்ணைக் கூட்டி
மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.
மச்சான் காட்டு மண்ணாம், இரவல்.
வந்தது நாற்பது மூட்டை.
எண்ணினான். மறுபடி எண்ணினான்.
முப்பத்தொன்பது.

“செருப்புல போயிருக்குமுங்க.”

உக்கடம் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர்
கால்மேல் கால் போட்டுத் தூங்கினார்.
மடியில் ஒரு பெட்டூனியாத் தொட்டி, விலை ஒட்டியபடி.
ஆடுகிற செருப்பின் அடியில்
ஒரு நகக்கீற்று அளவுக்குச் சிவப்பு.