இரண்டு புள்ளி ஏழு

டாக்டர் திரையைத் தொடுகிறார்.
இரண்டு புள்ளி நான்கு, என்கிறார்.
இரண்டு புள்ளி ஆறு.
பதினோராயிரம் வோல்ட்டுக்கு அடியில்
பத்தொன்பது வருடம் ஏணி போட்டவன் நான்,
வியாசர்பாடி லைன்மேன்.
இவ்வளவு சின்ன வோல்ட்டேஜுக்குக்
கைகூப்பி நின்றதில்லை.

மகிழினிக்குப் பன்னிரண்டு வயது.
முதலில் வலது பாதம் உள்ளே திரும்பியது.
செருப்பு சரியில்லை என்று மூன்று ஜோடி மாற்றினோம்.
பிறகு முதுகு, கழுத்து.
பிறகு வாய். மூட மறுத்த வாய்க்குள்
தன் நாக்கைத் தானே கடித்த ரத்தம்.
தூங்கினால் மட்டும்
யாரோ முறுக்கை அவிழ்த்துவிட்டதுபோல நேராவாள்.
அதைப் பார்ப்பதற்காகவே விழித்திருப்போம்
அம்சவேணியும் நானும்.

ஸ்கேனில் புலிக்கண் தெரிகிறது என்றார்கள்.
மூளைக்குள் இரும்பு படிகிறதாம்,
எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் ஆளுக்குப் பாதி.
அம்சவேணி என் அத்தை மகள்.
சொத்து வெளியே போகக்கூடாது என்று
கட்டிவைத்தார்கள்.
போகவில்லை.

மொட்டைத் தலையோடு பேசின் பிரிட்ஜ் தாண்டுகையில்
திருத்தணியா, என்றார் ஷேர் ஆட்டோக்காரர்.
ஆமாம் என்றேன்.

நெஞ்சுத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவு பாட்டரி.
காதுக்குப் பின்னால் கம்பி மேடிட்டு ஏறுகிறது.
ஜாயின்ட் எங்கே என்று
பழக்கத்தில் தேடுகிறது என் விரல்.
இது நோயை நிறுத்தாது,
முறுக்கைத் தளர்த்தும், அவ்வளவுதான்.
முதல் நாளே சொல்லிவிட்டார் டாக்டர்.
எத்தனை நாளைக்கு என்றேன்.
பாட்டரி நாலு வருஷம் வரும் என்றார்.
நான் பாட்டரியைக் கேட்கவில்லை.

இரண்டு புள்ளி எட்டில் முகம் ஒருபக்கம் கோணியது.
இரண்டு புள்ளி ஏழில் நிறுத்தினார்.

இரண்டு மாதம் ஒன்றுமில்லை.
ஐப்பசியில் ஒரு ராத்திரி
கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பி வழிந்தது.
ஃபீடரை அணைத்துவிட்டு நனைந்து வீடு வந்தேன்.
தெருவே இருட்டு, போனில் ஏரியாவே திட்டியது.
டார்ச் அடித்தேன்.
விழித்திருந்தாள்.
விழித்துக்கொண்டே நேராகப் படுத்திருந்தாள்.
வலது கை தானாகத் திறந்து கிடந்தது.
உள்ளங்கையில்
அவள் நகங்களே போட்ட பழைய தழும்புகள், நான்கு.
ஒவ்வொன்றாகத் தொட்டேன்.
அம்சவேணி டார்ச்சை வாங்கி அணைத்தாள்,
கண் கூசும் என்று.

அப்போதுதான் சின்னவன் கபிலன், மூன்று வயது,
அப்பா குரல் கேட்டு ஓடிவந்து
நிலைப்படியில் விழுந்தான்.
அவனுடைய ரத்த ரிசல்ட்
பீரோவில், பிரிக்காத கவரில்.

தடுக்கியதா, பாதம் திரும்பியதா.
நல்ல இருட்டு.
எங்களுக்கு
ஒருவர் முகத்தை ஒருவர்
பார்க்க வேண்டியிருக்கவில்லை.