ஆறு கோட்டுக்காரன்

கீழக்கரையில் என் பல் கிளினிக்.
காத்திருக்கும் அறையில் நாலடித் தொட்டி.
தெருக்கோடியில் கடல்.
ஆனாலும் மீன் வருவது கொளத்தூரிலிருந்து,
ஆம்னி பஸ் டிக்கியில்,
ஆக்சிஜன் அடைத்த பைக்குள்.
சிரிக்காதீர்கள்.
இங்கே பவளப்பாறையில் கை வைத்தால் வனத்துறை கேஸ்.

தண்ணீர் மட்டும் உள்ளூர்.
கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கலங்கிவிடும்.
இன்னாசி மண்டபம் போய்
வடகடலில் மொண்டு வருவான்,
இருபது லிட்டர் கேன் ஒன்பது.
ஆட்டோ வாடகை தனி.

ராஸ் மீன்களுக்காக நான் படித்ததைக்
கல்லூரியில் படித்திருந்தால் மெடல் வாங்கியிருப்பேன்.
சாதுவை முதலில் விடு,
முரடனைக் கடைசியில்.
ஒரே சாயலில் இரண்டு வேண்டாம்.
படுக்க இரண்டு அங்குல மணல்.
மேலே வலைமூடி; குதிக்கிற ஜாதி.

சிறுத்தைப் புள்ளிக்காரி முதலில் வந்தாள்,
வந்த வேகத்தில் மணலுக்குள் போனாள்.
மூன்று நாள் ஆளையே காணோம்.
"செத்துருச்சு டாக்டர், தோண்டிப் பாக்கவா?"
தோண்டாதே என்றேன்.
நாலாம் நாள் ஒருவருக்குச் சிமென்ட் குழைக்கையில்
கண்ணாடியோரம் ஒரு முகம்.

பல் சுத்தம் செய்கிற ராஸும் உண்டு.
பெரிய மீனின் வாய்க்குள்ளேயே போய் வருவாள்.
பல் டாக்டரிடம் அது இல்லையா என்று
கேட்காத பேஷன்ட் இல்லை.
வாங்கவில்லை.
நாலடித் தொட்டியின் கூட்டம் அவளுக்குக் காணாது,
காத்திருந்தே மெலிந்து போவாள்.
கிளினிக் திறந்த முதல் வருடம்
எனக்கு ஞாபகமிருக்கிறது.

பிறகு அவன்.
சுண்டுவிரல் நீளம்,
ஊதா உடம்பில் ஆறு ஆரஞ்சுக் கோடு.
கடைசியில் விட வேண்டியவனை
இரண்டாவதாக விட்டேன்.
சேர்த்து வாங்கினால் முந்நூறு ரூபாய் குறைவு என்றார்கள்.

அடுத்த வாரம் வந்த சிவப்புத் தேவதையை
ஹீட்டர் மூலையிலேயே நிற்க வைத்தான்.
பெரிதாய்க் கடிக்கவில்லை.
அவள் நகரும்போதெல்லாம் அங்கே இருந்தான்,
அவ்வளவுதான்.
ஒன்பதாம் நாள் காலை
பெருக்க வந்த ஜுலைஹா
நாற்காலிக்குப் பின்னாலிருந்து எடுத்தாள்,
காய்ந்த மிளகாய் என்று நினைத்து.
குழாய் போகிற ஓட்டை, ஒன்றரை அங்குலம்.
அதை நான் மூடியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை லீவில்
கல் ஒன்று விடாமல் வெளியே எடுத்து
அவனைப் பிடித்தோம்.
"கடல்ல விட்டுருங்களேன்" என்றார் மறுநாள்
பாதி வாய் மரத்திருந்த உம்மு சல்மா.
அது அவன் கடல் இல்லை, ராத்தா.
தொட்டியின் நோய் எதையாவது
கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான்.

இப்போது எக்ஸ்ரே அறையில் தனியாக இருக்கிறான்.
நன்றாகச் சாப்பிடுகிறான்.
அவன்மேல் கோபப்படப் பார்த்தேன்,
முந்நூறு ரூபாய் குறுக்கே வருகிறது.

ராத்திரி ஷட்டர் இறக்கும்முன் எண்ணுவேன்.
மணலில் படுத்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.
குழாய் ஓட்டையில் ஒட்டிய டேப்பை
ஒருமுறை விரலால் அழுத்திவிட்டு
விளக்கை அணைக்கிறேன்.