சோத்துக்கை

பக்கிளுக்கு உட்காரத் தெரியும்,
யாரும் சொல்லாமலே,
அதுவும் துவைத்து மடித்த புடவைமேல்.
"நில்" என்றால் படுக்கும்.
"படு" என்றால் கொட்டாவி விடும்.
மூன்று வாரம் பாடுபட்டு
நான் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று:
கை கொடுப்பது.

சிப்காட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கையில்
தோல் கழிவு கொட்டும் சுவரோரமிருந்து
என் செருப்பைக் கவ்வ வந்த குட்டி.
வாயில் ஏற்கெனவே ஒரு ஷூ பக்கிள்.
பிடுங்கி எறிந்தவள் நான்.
பெயர் வைத்தவள் பக்கத்து மிஷின் ஷாகிரா.
காலண்டரின் பின்பக்கம் கணக்கு வைத்தவர்
என் வீட்டுக்காரர் சம்பங்கி:
பொறை, மாதத்துக்கு இருநூற்று நாற்பது.

ராத்திரி ஒன்பதுக்கும்
சுவர் அனல் கக்கும் ராணிப்பேட்டையில்
ஃபேனுக்கடியில் நாங்கள் இருவரும் எதிரெதிரே.
"கை குடு பக்கிள்."
அது என் முழங்கையை நக்கும்.
"கை."
பொறை இருக்கும் டப்பாவைப் பார்க்கும்.
பதினெட்டாம் நாள்
பாதத்தைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தது,
ஈரமாக, கனமாக,
ஏதோ அடகு வைப்பதுபோல.

தெருவே வந்து கை குலுக்கிப் போனது.
முதல் தேதி வாடகைக்கு வந்த
ஓனர் தாமோதரமும் குனிந்து நீட்டினார்.
பிறகு நிமிர்ந்து,
"இன்னாம்மா, பீச்சாங்கைய நீட்டுது!
துட்டு வாங்க வந்தவனுக்கு
இதான் மரியாதையா?"
சம்பங்கி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.
நான்தான் உள்ளே போய்
ரூபாயை இரண்டு தரம் எண்ணினேன்.

அன்றிலிருந்து அடுத்த பாடம்.
சோத்துக்கை, பக்கிள், சோத்துக்கை.
இடது பாதம் எழும்போதெல்லாம் தட்டிவிட்டேன்.
"தப்பு" என்றேன்.
பொறையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.
அது மறுபடியும் அதே பாதத்தைத் தந்தது,
எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல
இன்னும் கொஞ்சம் உயர்த்தி.

ஞாயிற்றுக்கிழமை
ரிஜெக்ட் ஜோடியிலிருந்து உருவிய லேஸால்
அந்தக் காலைக் கட்டில் காலோடு கட்டினேன்.
இறுக்கமாக இல்லை.
இறுக்கமாக இல்லை என்றுதான்
ஃபுளோரா டீச்சரும் அம்மாவிடம் சொன்னார்,
ஒன்றாம் வகுப்பில் என் சிவப்பு ரிப்பனால்
என் கையை பெஞ்சோடு கட்டிய அன்று.
டீச்சர் எதிரே நின்று சாக்பீஸ் கையைத் தூக்கினார்.
கண்ணாடியில் பார்ப்பதுபோல்
நேர் எதிர்க் கையை நானும் தூக்கினேன்.
அவ்வளவுதான் நடந்தது.

அதன்பின் வலதில் எழுதினேன், வலதில் உண்டேன்,
வலதில் மாலை போட்டேன்.
கம்பெனியில் நூல் நறுக்கும்போது மட்டும்
கத்தரிக்கோல் தானாக இந்தப் பக்கம் மாறும்.
சூப்பர்வைசர் தலை தெரிந்தால்
தானாகத் திரும்பும்.
ஒரு நாளைக்கு இருநூறு அப்பர்,
எல்லாம் இடது கால் ஷூவுக்கு.
அதை யாரும் பீச்சாங்கால் என்பதில்லை.
அது இல்லாமல் பெட்டி மூடாது.

பக்கிள் குரைக்கவில்லை.
முடிச்சை நக்கிக்கொண்டிருந்தது.
வலது பாதத்தையும் தரவில்லை.
நாய்க்கு ஏது சோத்துக்கை?
நாலிலும் நடக்கிறது,
வாயால் தின்கிறது,
கழுவிக்கொள்ள எந்தக் கையையும் கேட்பதில்லை.

எச்சிலில் ஊறிய முடிச்சு அவிழ மறுத்தது.
கத்தரியை எடுத்தேன். வெட்டினேன்.
லேஸ் இரண்டாக விழுந்த பிறகுதான்
எந்தக் கையில் கத்தரி என்று பார்த்தேன்.

அடுத்த முதல் தேதி
தாமோதரம் வாசலிலேயே நின்றுகொண்டார்.
"இப்பவாவது மாத்திக்கிச்சா?"
"இல்லீங்க" என்றேன்.
வாடகையை வலது கையால்தான் கொடுத்தேன்.
அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை.

கதவைச் சாத்தியதும் பக்கிள் வந்து
கேட்காமலே தூக்கிக் கொடுத்தது.
டப்பாவில் கடைசிப் பொறை.
எந்தக் கையால் நீட்டினேன் என்பதை
அது கவனித்ததாகத் தெரியவில்லை.