கல் பொறுக்கியவள்

செப்டம்பர் பாதியில் எங்கள் பள்ளிக்கூடத்தை
மூன்று வாரம் பூட்டிவிடுவார்கள்.
உருளைக்கிழங்கு அதற்குமேல் காத்திருக்காது.
மெய்ன் மாநிலத்தின் வட நுனி இது.
ஆற்றுக்கு அக்கரையில் கனடா,
அங்கேயும் கிழங்குதான்.

அறுவடை இயந்திரத்தின் மேல் நின்று
ஓடும் பட்டையிலிருந்து கல் பொறுக்குவேன்.
கல், அழுகல், மண்கட்டி,
ஒருமுறை ஒரு குழந்தையின் செருப்பு.
விடிகாலை ஐந்தரைக்குக் கையுறைக்குள்
விரல்கள் வேறு யாருடையவோ போலிருக்கும்.

இதைத்தான் எழுதினேன் கல்லூரிக்கு.
அறுநூற்றைம்பது சொல்லுக்கு மிகாமல்
நான் யார் என்று கேட்டிருந்தார்கள்.

பாஸ்டனிலிருந்து திரையில் வந்தார் ஆலோசகர்,
மாமா கொடுத்த பணத்தில் நாற்பது நிமிடம்.
"அருமை, ஓடீல். ஆனால் கென்யாவில் போய்க்
கிணறு வெட்டியவர்களோடு உனக்குப் போட்டி.
கல் உனக்கு என்ன கற்றுக்கொடுத்தது?"
ஒன்றுமில்லை என்றேன்.
சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தார்.
கல், 'தடை' ஆயிற்று.
பட்டை, 'வாழ்க்கைப் பயணம்' ஆயிற்று.
மார்ச்சில், கிடங்குச் சங்கிலியில் சிக்கிய
அப்பாவின் கட்டைவிரல்
இரண்டாம் பத்தியிலிருந்து
முதல் வரிக்கு ஏறியது.
"அங்கேதான் அது வேலை செய்யும்" என்றார்.
ஏழு மாதமாய் அது
எங்கேயும் வேலை செய்யவில்லை.

புதுப் பிரதியை அம்மாவிடம் கொடுத்தேன்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்தவள்
கோட்டைக்கூடக் கழற்றாமல், அடுப்போரம் நின்றபடி
கடைசிவரை படித்தாள்.
"நல்ல பெண்," என்றாள். பிறகு,
"யார் இவள்?"

கிண்டல் இல்லை அந்தக் குரலில்.
பக்கத்து ஊர்க்காரி யாரையோ
விசாரிப்பதுபோல்தான் கேட்டாள்.

அன்றிரவு பட்டை மறுபடி ஓடியது.
'தலைமைப் பண்பு': எறிந்தேன்.
'சிறு வயதிலிருந்தே': அழுகல்.
'பேரார்வம்' பார்க்கப் பளபளவென்றிருந்தது,
அழுத்தினால் உள்ளே தண்ணீர்.
அப்பாவின் விரலை எடுத்து
அவரிடமே கொடுத்துவிட்டேன்.

மிஞ்சியது இருநூற்றுப் பன்னிரண்டு சொல்.
குளிர். சத்தம்.
எதிரே நின்ற ரெஜீன் பிரெஞ்சில் ஏதோ பாடுவாள்,
இரைச்சலில் உதடு மட்டும் தெரியும்.
கடைசி வாரம் ஒரு நாள், சலித்துப்போய்,
தெரிந்தே ஒரு கல்லைப் போகவிட்டேன்.
முஷ்டியளவு. கிழங்குபோலவே இருந்தது.
யார் வீட்டுச் சாக்கில் விழுந்ததோ,
யார் கத்தியின் முனையை மழுக்கியதோ.
இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.
அவ்வளவுதான் கட்டுரை.
கற்றுக்கொண்டேன் என்ற சொல் அதில் இல்லை.

அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனபோது
முந்தைய பக்கம் கண்ணில் பட்டது:
கிளாரினெட், வாரம் நான்கு மணி நேரம்.
ஒன்றரைதான்.
ஆகஸ்டில் நானே நிரப்பியது,
எந்த ஆலோசகரும் சொல்லித்தரவில்லை.

விரல் அதன்மேல் நின்றது.
கிழங்குபோலவேதான் இருந்தது அது.
பட்டை ஓடிக்கொண்டிருந்தது.