நான்கு கிராம்பு

ராதிம் முதலில் ஆறு கேள்வி எழுதியிருந்தான்:
நிமிர்ந்து அதிர்கிறாயா, படுத்தா,
இந்தப் பக்கம் சாய்ந்தா, அந்தப் பக்கமா,
வலம் சுழன்றா, இடம் சுழன்றா.
ஒழுங்கான கேள்விகள். அரசு விண்ணப்பம் மாதிரி.
ஆறாவதற்கு வருமுன்
சூரியன் முதல் பதிலை மாற்றிவிடும்.

டெனெரீஃப் தீவில், மேகங்களுக்கு மேலே,
குவிமாடத்துக்குள் கையுறையோடு உட்கார்ந்திருந்தோம்.
தொலைநோக்கியில் இறங்கும் ஒளியில்
ஆயிரத்தில் ஒரு பங்குதான் தளவிளைவு.
புள்ளியேதும் இல்லாத வெறும் பரப்பின் காந்தம்
அவ்வளவு சன்னமாகத்தான் பேசும்.

"நாலு போதும்" என்றாள் குவாசிமாரா.
தெரியாதவை நான்கு, கேள்வியும் நான்கு.
உணவுக்கூடத்து ஆரஞ்சு ஒன்றை எடுத்து
நான்கு கிராம்பைக் குத்தினாள்,
ஒன்றுக்கொன்று எட்டியமட்டும் தள்ளி.
வேறு எப்படிக் குத்தினாலும்
பழத்தின் ஏதோ ஒரு கன்னம் அநாதையாகிறது.

நான் அன்று முழுக்க அணியின் நேர்மாறோடு கிடந்தேன்.
ஒவ்வொரு அளவீட்டிலும் எல்லாமே கலந்திருந்தது,
கொஞ்சம் நிமிர்வு, கொஞ்சம் சாய்வு, கொஞ்சம் சுழல்.
எந்தக் கேள்வியும் எதையும் நேராகக் கேட்கவில்லை.
கேட்காததால்
பிழை மூன்றுக்கும் ஒரே பங்காக விழுந்தது,
பர்ராகிட்டோ காபி யார் குடித்திருந்தாலும்
ரசீதைச் சமமாகப் பிரிக்கும் நண்பர்கள் போல.

அலைத்தகடு நூற்று முப்பத்திரண்டு பாகை
ஒளியைப் பின்தங்க வைக்கவேண்டும்.
பிராகிலிருந்து வந்திறங்கியது நூற்று இருபத்தேழு.
ராதிம் தன் ஊர்க்காரர்களைத் திட்டிக்கொண்டே
பெட்டியைத் திரும்ப ஒட்டப் போனான்.
குவாசிமாரா டேப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

கோணங்களை மறுபடி தேடினோம்.
பதினைந்தை ஒட்டி, ஐம்பத்தொன்றை ஒட்டி,
அரைப் பாகை இங்கே, கால் பாகை அங்கே.
சுழலுக்கு ஒரு கரண்டி கூடுதல் சலுகை;
சாய்வுகள் பொறுத்துக்கொண்டன.
எல்லாவற்றிலும் சிறந்தது அல்ல,
இந்தத் தகட்டுக்குச் சிறந்தது.

பிறகு சஹாராவின் தூசு வந்தது.
மூன்று நாள் வானம் அழுக்குத் துணி.
குவிமாடத்தை மூடிவிட்டு, மோட்டார் பல்சக்கரத்துக்கு
எண்ணெய் போட்டோம், சண்டை போட்டோம்.

வெள்ளி காலை எட்டு பத்துக்குத்
திரையில் ஒரு மேடு, ஒட்டி ஒரு பள்ளம்.
இரைச்சல் அதன் காலடியில்
வெட்டிய புல் உயரத்துக்கு.
ராதிம் செக் மொழியில் ஏதோ சொன்னான்.
யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

ஆரஞ்சைத் தேடினேன்.
யாரோ தின்றிருந்தார்கள்.
கிராம்புகள் மட்டும் விசைப்பலகை விளிம்பில்
ஒரே கோட்டில்,
அப்படி வைத்தால் எதையுமே அளக்க முடியாது.