பாதிச் சண்டை

எட்டாம் எண் டிராமில் ஜனவரியும் ஏறியிருந்தது.
ஜன்னல்களின் உள்பக்கம் எல்லோருடைய மூச்சும்
ஒரே ஆவியாக வழிந்துகொண்டிருந்தது.
போஸ்னானில் அந்தக் குளிர்காலம்
எல்லோருக்கும் பாதி முகம்.
எனக்கோ பாதி ஊரே காணாமல் போயிற்று.

ஆறு வயதில் காய்ச்சல் காதைக் கொண்டுபோனது.
அப்புறம் கண்ணால்தான் கேட்கிறேன்.
ரொட்டிக் கடைக்காரி சொல்லும் விலை,
மாடிவீட்டு ஸ்விடோமிர் அளக்கும் வம்பு,
எல்லாம் உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வேன்.
துணி வந்து மூடிய நாள் முதல்
புருவங்களிடம் பிச்சை கேட்கிறேன்.
புருவத்துக்கு இலக்கணம் கிடையாது.

பாலம் தாண்டியதும் சண்டை.
எதிர் இருக்கைக்காரி மடியிலிருந்த பையை
இறுக்கிப் பிடித்ததில் தெரிந்துகொண்டேன்.

முகக்கவசம் போடாதவன் இளைஞன்,
காலணியில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது.
அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும்
சிந்தாமல் வந்து விழுந்தது எனக்கு:
"என் வாய். என் மூச்சு.
காலையிலிருந்து தின்னர் நெடியில் நிற்கிறேன்,
டிராமிலாவது விடுங்கள்.
போட்டவனுக்கு வரவில்லையா?
நீங்கள் என்ன போலீசா?"

அவனிடம் கத்தியவர் நரைத்த புருவக்காரர்.
நீலத் துணி உள்ளே போனது.
வெளியே வந்தது.
மறுபடி உள்ளே போனது.
அவ்வளவுதான் அவர் தரப்பு வாதம்.

சொல்லிவிடுகிறேன், நானும் அவர் கட்சிதான்.
மூக்குத் தண்டில் கம்பியை அழுத்தி
இரட்டைத் துணி கட்டியிருந்தேன்.
வீட்டில் தங்கை யோவித்தா,
நுரையீரலில் ஒன்றுதான் மிச்சம் அவளுக்கு.
ஆனாலும் அந்தப் பையனைத்தான் பார்த்தேன்,
பசித்தவள் அடுத்தவர் தட்டைப் பார்ப்பதுபோல.
பத்து மாதத்தில்
முழுதாகக் கேட்ட முதல் அந்நியக் குரல்.
தப்பாகவே பேசட்டும், என்ன இப்போது.

அப்போது பெரியவர்
தன் கட்சிக்கே துரோகமாக
கவசத்தைத் தாடைக்கு இழுத்தார்.
கன்னத்தில் நாடா பதிந்த சிவப்புக் கோடு.
பெட்டி முழுக்கத் திரும்பியது;
உரக்கத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"செவ்வாய்க்கிழமை. கண்ணாடிக்கு வெளியே நின்று
கையசைத்தேன், அதற்குமேல் விடவில்லை.
என்..."

அடுத்த சொல்
அம்மாவாக இருக்கலாம்.
அப்பாவாக இருக்கலாம்.
உதட்டில் இரண்டும் ஒன்று.

கவசம் மேலே போனது.
பையன் பேசவில்லை. போடவும் இல்லை.
மேல் ஜன்னலைத் தள்ளித் திறந்து
முகத்தைப் பனிக்குக் கொடுத்தபடி நின்றான்.
எல்லோருக்கும் குளிர்ந்தது.
யாரும் மூடச் சொல்லவில்லை,
அல்லது சொன்னார்களோ, எனக்குத் தெரியாது.

வீட்டில், கைகழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி.
நாடாவைக் காதிலிருந்து கழற்றினேன்
(வேறெதற்கும் உதவாத காது
இதற்கு மட்டும் உதவுகிறது).
அம்மா, என்று சொல்லிப் பார்த்தேன்.
அப்பா.
உதடு ஒரு தடவை மூடித் திறந்தது.
இன்னொரு தடவையும் அதே மாதிரி.

யோவித்தா பின்னாலிருந்து தோளைத் தட்டி
ரொட்டி எங்கே என்றாள்.
வாங்க மறந்திருந்தேன்.