மதியப் பள்ளி

டார்னால் ஆலைச் சங்கு பன்னிரண்டரைக்கு ஊதும்.
காலைப் பள்ளி வெளியே வரும்,
மதியப் பள்ளி உள்ளே போகும்.
ஒரே கட்டடம், அதே மேசைகள்,
இன்னும் சூடு ஆறாத பெஞ்சு.
வாசலில் இரண்டு கூட்டமும் இடித்துக்கொள்ளும்.
யார் இடத்தில் யார் உட்காருகிறார்கள் என்று
யாருக்கும் தெரியாது.

நான் மதியத்து மிஸ்.
ஐம்பத்திரண்டு பிள்ளைகள், பதினெட்டுப் புத்தகங்கள்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நேரம் போகிறதென்று
எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவேன்.
பதிவேட்டில்
வந்தவனுக்கு ஒரு சாய்கோடு,
வராதவனுக்கு ஒரு சுழி.
வந்து தூங்குகிறவனுக்கு
இலாகா எந்தக் குறியும் தரவில்லை.

முப்பத்தொன்று தூங்குகிறவன்.
விடியலில் இருந்து களை பிடுங்கிவிட்டு வருவான்.
முழங்கை வரை கரும்புச் சோகை கீறிய கோடுகள்
என் சாய்கோடுகளைவிட ஒழுங்காக இருக்கும்.
பெயர் பூபாலன்.
இதை எழுதுவதற்கு
நான் பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருந்தது.

எல்லோருடைய மூன்றும்
இடப்பக்கம் வாய் திறக்கும்,
அவனுடையது வலப்பக்கம்.
சிவப்பு மையால் அடித்தேன்.
பத்து முறை எழுது என்றேன்.
பத்தும் வலப்பக்கம்.
அடிகோலைத் திருப்பி, விளிம்பால்
புறங்கையில் ஒன்று வைத்தேன்.
அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஜூனில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும்.
விளக்கு கிடையாது.
கரும்பலகை சுவரோடு கரைந்த பிறகு
வாய்ப்பாடு சொல்லச் சொல்வேன்.
ஏழாம் வாய்ப்பாட்டில் எல்லாக் குரலும் தடுக்கி விழும் இடத்தில்
ஒரு குரல் மட்டும் நடந்துபோகும்.
யாரென்று அந்த இருட்டில் நான் கேட்டதில்லை.

ஆய்வாளர் வருகிறார் என்றார்கள்.
வெள்ளிக்கிழமை தனியாக நின்று
கண்ணாடித் துண்டால் மேசைகளைச் சுரண்டினேன்:
மை, பிசின், எவனோ செதுக்கிய காளை.
ஜன்னலோரம் மூன்றாவது மேசையில்
பென்சிலில், ஆங்கிலத்தில்:
மதியம் இங்கே உட்காருவது யார்?
நான் சவுந்திரி. காலை.

அதன் கீழே, மரம் குழியும்படி அழுத்தி,
31.
மூன்று வலப்பக்கம் பார்த்துக்கொண்டு.

அதற்கும் கீழே அவள்:
உனக்குப் பேர் கிடையாதா?

போன தவணை அறிக்கையில்
'வாசிக்கத் தெரியாது' என்று
அவன் எண்ணுக்கு எதிரே எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.
கொஞ்ச நேரம் அவன் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.
முட்டி மேசைக்கடியில் நுழையவில்லை.
பிறகு அதையும் சுரண்டினேன்.
உத்தரவு எல்லா மேசைக்கும்தான்.

ஜூலையில் வெட்டு தொடங்கியது.
எரித்த கரும்பின் கரி பறந்து வந்து
நோட்டில் உட்காரும், ஊதினால் கோடாக இழுபடும்.
முப்பத்தொன்றுக்கு எதிரே சுழி, சுழி, சுழி.
பாரக் வீட்டுக்குப் போனேன்.
தகப்பனுக்குத் தன் கத்தியே காலில் பட்டு
கட்டோடு படுத்திருந்தான்.
ஓர் ஆள் வயலில் நின்றால்தான்
கூரை அவர்களுக்கு.
"அவன் படிச்சா இந்த வீடு இருக்குமா மிஸ்?"
தாய் கேட்டாள், சண்டைக்கு இல்லை,
தெரிந்துகொள்ளத்தான்.
பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி.
தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

சுரண்டிய வெள்ளை மரத்தில் புதுப் பென்சில்:
31, எங்கே போனாய்?

ஒரு நாள் பார்க்காததுபோல் இருந்தேன்.
இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள்,
மேசையில் எழுதக்கூடாது என்று
பலகையில் எழுதிய அதே கையால் எழுதினேன்:
வெட்டு முடிந்ததும் வருவேன். 31.
வருவானா என்று எனக்கே தெரியாது.
எழுத்து மட்டும் அழகாக வந்தது,
பயிற்சிக் கல்லூரி எழுத்து.

மறுநாள் மதியம்
பெஞ்சு சூடாகத்தான் இருந்தது.
என் வரிக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்:

நீ அவன் இல்லை.
அவன் மூன்று
அந்தப் பக்கம் பார்க்கும்.